ஹந்தானையின் மண்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் ஏறுவோரின் கண்கள், 1925ஆம் ஆண்டு கட்டப்பெற்று இன்று தேயிலை நூதனசாலையாக விளங்கும் பழைய தொழிற்சாலையையே நாடும். நாமோ சற்றுக் குனிந்து காலடி மண்ணைப் பார்ப்போம்.

பழம்பாறை உக்கி உண்டான செம்மண் இது. அமிலத் தன்மை மிகுந்ததாதலால் தேயிலை செழிக்கும். ஹைட்ரேஞ்சியா நீலமாய்ப் பூக்கும். கத்தரி, கறிமிளகாய் நடுவோர் மட்டும் டொலமைற் தூளிட்டு அமிலத்தைத் தணித்தல் வேண்டும்.

வீடு கட்டுவோர்க்கு இம்மண் அத்துணை இணங்கியதன்று. வெயிற்காலத்தில் மண்வெட்டியையே எதிர்க்கும் அதன் உறுதியை நம்பி, சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சமதரையாக்கிவிடுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழை விடாது பெய்யுங்கால், நீர் மண்ணின் துளைகளை நிரப்பி அதன் பிடிப்பைத் தளர்த்துகின்றது, பாரமும் கூடுகின்றது. தாங்கி நின்ற அடிவாரமோ முன்னரே வெட்டப்பட்டுவிட்டது! 2025 நவம்பரில், டித்வா புயல் மழையின்போது, கண்டி மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை குடும்பங்களை மூடியது என்பதை எவர் மறப்பர்?

மலசலக்குழியும் அற்பமான விஷயமன்று. ஊறுகுழியின் நீர் வேலியோடு நின்றுவிடுமா? சரிவை உள்ளூர நனைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக் கிணற்றை நோக்கி இறங்கும். கீழே இருப்பது தோட்டத் தொழிலாளரின் லயமாயின், அவர்கள் அந்த இடத்தைத் தாமாகத் தெரிந்தெடுத்தவர்களுமல்லர்.

கூரைநீரைக் குழாய்வழி வாய்க்காலுக்கு விடுவதும், வெட்டுமுகத்தில் வெட்டிவேர் நடுவதும் பெருஞ்செலவன்று. இம்மலைநாட்டில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசையும் பெறல் வேண்டும். பெறுகின்றனர், பத்திரமாகப் பெட்டியிலும் வைக்கின்றனர். அதிற் சொல்லப்பட்ட வடிகாலை வெட்டுவோர்தாம் சிலர்.