கொக்கிரகுளம் கரையில் ஒரு பென்சில்

நெல்லைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு கொக்கிரகுளத்து ஆற்றங்கரைக்கு வாருங்கள். வெள்ளைத்தாள் நோட்டு ஒன்றும், எச்.பி., 4பி என இரு பென்சில்களும் கைவசம் இருக்கட்டும். மக்ரிபு பாங்கொலி கேட்கும்வரை தாமிரபரணி உங்களுடையது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இவ்வாறு, இங்கே நகரின் நடுவே அவசரமின்றி நடக்கிறது. சற்றுத் தொலைவில், சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளால் கட்டுவித்து 1843இல் திறக்கப்பட்ட பாலம். அதன் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைய முற்படாதீர்கள். நான் முதல் நாளில் அப்படித்தான் செய்தேன். பாலம் முடிவதற்குள் வெயில் போய்விட்டது!

முதலில் நீர்விளிம்பை ஒரு மெல்லிய கோடாக இடுங்கள். மேற்கே சாயும் கதிரவன் எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னே நிற்பதால், அவை இலை தெரியாத கருந்திரளாகவே தோன்றும். அதற்கு 4பி. நீரையோ வரையவே வேண்டாம். தாளின் வெண்மையே நீராகட்டும். மரங்களின் நிழலை நேர்க்கீழாக, மரத்தைவிடச் சற்று வெளிறலாகத் தீட்டி, குறுக்கே இரண்டொரு கோடுகள் இழுத்தால் போதும். ஆறு அசையத் தொடங்கிவிடும், சுப்ஹானல்லாஹ்!

"ஓவியம் நமக்கு ஆகுமா?" என்று தயங்கும் பெற்றோர் நம்மில் உண்டு. ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தயக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆற்றங்கரையைக் காட்டிலும் நல்ல பாடம் எது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் இவ்வாறு கரை கடந்தது; கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. நீர் வடிந்தபின் என் மகளுடன் அதே இடத்தில் அமர்ந்து பழைய நோட்டை விரித்தேன். நான் முன்பு வரைந்திருந்த மணல்திட்டு ஆற்றில் இல்லை.

"வாப்பா, இதை அழித்துவிடவா?" என்று ரப்பரை எடுத்தாள்.

வேண்டாமென்று தடுத்து, அதனடியில் தேதியை எழுதினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பி அவள் கையில் பென்சிலைக் கொடுத்தேன்.