கூட்டத்துக்கு முன் ஒரு கட்டிங்

அன்புள்ள கூடுவாஞ்சேரி சொந்தங்களுக்கு,

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து எழுதுகிறேன்.

ஆட்டிசம் என்றதும் நமக்குச் சின்னப் பிள்ளை முகம்தான் நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்து முட்டுக்காட்டிலேயே, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒருநாள் முப்பது வயதாகும், சம்பளம் வாங்குவான், டாஸ்மாக்குக்கு வழி தெரிந்துகொள்வான் என்று யாரும் யோசிப்பதில்லை. ஆட்டிசம் என்று கண்டுபிடிக்கப்படாமலே வளர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘உம்மணாமூஞ்சி’, ‘திமிர் பிடிச்சவன்’.

போன முறை ஊருக்கு வந்தபோது நந்திவரத்தில் ஒரு ரிசப்ஷன். ஆள் உயர ஸ்பீக்கர், கண்ணைக் குத்தும் வீடியோ லைட், “எப்ப தம்பி கல்யாணச் சாப்பாடு?” என்று வரிசையாகப் பெரியப்பாக்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஒரு தம்பி ஜெனரேட்டர் பக்கம் ஒதுங்கி, ஒரு கட்டிங்கை முகம் சுளித்து ஒரே மடக்கில் விழுங்கினான். உள்ளே வந்த பிறகுதான் சிரித்தான். “ருசிக்கா அண்ணே குடிக்கிறேன்? இது இல்லாட்டி அங்க பத்து நிமிஷம் நிக்க முடியாது.” அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இங்கே பிரிட்டனில் மாத்யூ டின்ஸ்லிக்கும் இதே கதைதான். குடிக்குச் சிகிச்சை பெற்ற பிறகே தமக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் என்று அறிந்தவர். சாரா ஹென்ட்ரிக்ஸுடன் சேர்ந்து 2008-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்கள் பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்று 2021-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் போதையை நாடுகிறவர்கள் கொண்டாட்டத்துக்காக அல்ல, தங்களைச் சமாளிக்கவே நாடுவது அதிகமாம். குடிப்பவர்கள் குறைவு என்றாலும் சிக்கல் குறைவல்ல என்று ஸ்வீடனின் 2017 ஆய்வு காட்டுகிறது: ஆட்டிசம் உள்ள ஏறத்தாழ 27,000 பேரிடம் போதைச் சிக்கல்களுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது.

மது மூளையின் பரபரப்பைக் கொஞ்ச நேரம் அடக்கும். இறங்கும்போது அதே பரபரப்பு வட்டியோடு திரும்பும். அடுத்த விசேஷத்துக்குக் கட்டிங் போதாது, குவார்ட்டர் கேட்கும்.

இவர்களிடம் “மனசு வெச்சா விடலாம்” என்று உபதேசம் செய்து பயனில்லை. அவர்கள் விட வேண்டியது குடியை என்றால், நாம் விட வேண்டியது வற்புறுத்தலை. காதில் பஞ்சோ ஹெட்போனோ வைத்துக்கொண்டால் யாரும் கேலி செய்யக் கூடாது. சும்மா நின்று பேசச் சொல்வதைவிடப் பந்தியில் பரிமாறும் வேலையைக் கொடுக்கலாம்; கை வேலையாக இருந்தால் வாய் பேச வேண்டியதில்லை. செஸ், ரயில் என்று அவர்களுக்குப் பிடித்த ஒன்றைச் சுற்றி நாலு பேர் சேர்ந்தால், அந்தக் கூட்டத்துக்குப் போதை தேவைப்படாது.

சிகிச்சையிலும் இதே கவனம் வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முறையில், வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேசுவது முக்கியம். பலரைக் கரையேற்றிய வழிதான். ஆனால் பலர் நடுவில் பேசுவதற்கே பயந்து குடித்தவனை அங்கே முதல் நாளே பேசச் சொன்னால், வெளியே வந்ததும் எங்கே போவான்? ஓரமாக உட்கார்ந்து கேட்க விடுங்கள். தனியாகப் பேசும் ஆலோசகரைத் தேடுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் சேர்க்கும்போதே ஆட்டிசம் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

முகூர்த்த மாதம் வருகிறது. மொய் எழுதிவிட்டு எட்டு மணிக்கே கிளம்பும் பையனை, “சாப்பிடாம எங்கடா போற?” என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்