கல்லறைகளுக்கு நடுவே ஒரு கோடு

சொலிசிட்டராக நான் பார்த்த நாய் வழக்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் நீதிமன்றப் படி ஏறாத வழக்கு. கொவிட்டுக்கு முந்திய ஆண்டு, தென் இலண்டனில் ஒரு கவுன்சில் தன் பொறுப்பில் இருந்த பழைய சேமக்காலைக்குள் நாய்களை வாரில் பிடித்துத்தான் கூட்டிப்போகவேண்டும் என்று ஆணை கொண்டுவரப் பார்த்தது. பல வருடங்களாக அங்கே காலையும் மாலையும் நாயை அவிழ்த்துவிட்டு நடந்த அயலவர்கள் திரண்டு, கையெழுத்து வாங்கி, காசு சேர்த்து என்னிடம் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரவுவேலை பார்க்கும் தாதி ஒருவர், எதற்கெடுத்தாலும் சட்டப் பிரிவு சொல்லும் கணக்காளர் ஒருவர். பேச்சு முழுவதும் இந்த மூவருடையதுதான்.

யாழ்ப்பாணத்தில் சேமக்காலைக்குள் நாய் புகுந்தால் கல்லெடுப்பார்கள். இலண்டனில் கதை வேறு. தேவாலய வளவுகளில் இனிப் புதைக்க இடமில்லை என்ற நிலை வந்தபோது, தனியார் கம்பெனிகள் நகரத்தின் விளிம்பில் ஏழு பெரிய சேமக்காலைகளைத் திறந்தன. 1833 இல் கென்சல் கிரீன் முதலாவது, 1841 இல் டவர் ஹாம்லெட்ஸ் கடைசி. மரமும் நடைபாதையுமாக, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலாவப் போகும் தோட்டம்போலவே அவற்றை அமைத்தார்கள். பிறகு நகரம் வளர்ந்து சுற்றி வளைத்துக்கொண்டது. டவர் ஹாம்லெட்ஸில் 1966 இல் அடக்கம் நின்றுபோய் இன்று அது இயற்கைக் காப்பிடம். என் கட்சிக்காரர்களின் சேமக்காலை இந்த ஏழில் ஒன்றல்ல, ஆனால் அதே ரகம். சுற்றிவர முற்றமில்லாத மாடி வீடுகள். அருகில் வேறு புல்வெளி என்றால் இரண்டு பெரிய ரோட்டைக் கடக்கவேண்டும்.

கவுன்சில் கையில் எடுத்தது 2014 ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டம். அதன் 59 ஆம் பிரிவில் புனிதம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பொது இடத்தில் நடக்கும் செயல் அப்பகுதி மக்களின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கிறதா, தொடர்ந்து கெடுக்கிறதா, நியாயமற்ற அளவில் கெடுக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. விதிக்கும் கட்டுப்பாடும் அந்தக் கேட்டைத் தடுக்க நியாயமாகத் தேவைப்பட்டதாக இருக்கவேண்டும். மீறினால் அப்போது அந்த இடத்திலேயே 100 பவுண் வரை தண்டச் சீட்டு. கோர்ட்டுக்குப் போனால் 1,000 பவுண் வரை. ஆணையின் ஆயுள் கூடியது மூன்று ஆண்டு, வேண்டுமானால் நீட்டலாம். எதிர்ப்பதானால் ஆணை பிறந்த ஆறு கிழமைக்குள் உயர் நீதிமன்றம் போய்விட வேண்டும்.

கணக்காளர் முதல் நாளே ஒரு யோசனையோடு வந்திருந்தார். இருபது வருடம் ஊர்மக்கள் தடையில்லாமல் பொழுதுபோக்கிய நிலத்தை 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி கிராமப் பசுந்திடலாகப் பதியலாமே, பிறகு கவுன்சில் என்ன செய்யும் என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் வருடத்துக்கு ஒருவராவது வருவார்கள். நியூஹேவன் துறைமுக வழக்கில் 2015 இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை ஏறக்குறையச் சாத்திவிட்டது. சட்டப்படி ஒரு வேலைக்கென்று வைத்திருக்கும் நிலத்தில், அந்த வேலைக்கு ஒவ்வாத பசுந்திடல் உரிமை முளைக்காது. புதைப்பதற்கென்று வைத்திருக்கும் நிலத்தில் ஓடி விளையாடும் உரிமை கேட்டால் நீதிபதி சிரிப்பார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதைவிடக் கசப்பான ஒன்றையும் அன்றே சொல்லவேண்டியிருந்தது. ஆணையை நாங்கள் கோர்ட்டில் உடைத்தாலும், 1977 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சேமக்காலை ஒழுங்குகளின் கீழ் நிர்வாகம் கவுன்சில் கையில்தான் இருக்கிறது. தண்டச் சீட்டு எழுத முடியாமல் போகுமே தவிர, மறுநாள் வாசலில் பலகை நாட்டுவதை யார் தடுப்பது? நீங்கள் உள்ளே நடப்பது உரிமையால் அல்ல, உடைமைக்காரரின் அனுமதியால் என்றேன். ஆசிரியைக்கு மட்டும் அது உடனே விளங்கியது. 'அப்படியென்றால் கவுன்சிலோடு கதைக்க வேண்டும், சண்டை பிடிக்க அல்ல' என்றார். வழக்கின் போக்கைத் தீர்மானித்தது அவர்தான்.

கதைப்பதற்கும் கையில் பிடி வேண்டும். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டுப் பதிவேட்டைக் கேட்டு எடுத்தோம். பாதிக்கு மேல் நாய் மலம் பற்றிய முறைப்பாடு. வாரில் கட்டிய நாயும் மலம் கழிக்கும். அள்ளாமல் போகிற மனிதனை வார் திருத்தாது. அதற்குத் தனி விதி ஏற்கெனவே இருந்தது. இன்னொரு பெரும் பங்கு, முற்பகலில் வான் ஒன்றில் நாய்க்கூட்டத்தை ஏற்றிவந்து அவிழ்த்துவிடும் தொழில்முறை நடத்துநர் ஒருவரைப் பற்றியது. அவர் கையெழுத்து எங்கள் மனுவிலும் இருந்தது. மிச்சமிருந்த சிலதான் என்னை நிறுத்தின. அடக்கம் நடக்கும்போது குழியருகே நாய் ஒன்று பாய்ந்து வந்தது. குழந்தையின் கல்லறையில் வைத்த பொம்மையை ஒரு நாய் கவ்விக்கொண்டு போனது. இவற்றை மிகைப்படுத்தல் என்று எழுதித் தரும்படி குழுவில் சிலர் கேட்டார்கள். எழுத மாட்டேன் என்றேன். அந்தப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்றால் உங்கள் பக்கத்தில் யார் எழுந்து நிற்பீர்கள் என்று கேட்டேன்.

கவுன்சில் அதிகாரியின் கடிதம் ஒன்று நல்ல வேடிக்கை. 1977 ஒழுங்குகளின் 18 ஆம் விதி சேமக்காலைக்குள் விளையாட்டு ஆடுவதைக் குற்றமாக்குகிறது. நாய்க்குப் பந்து எறிவதும் விளையாட்டே என்று அவர் வாதம் செய்திருந்தார். தடி எறிந்தால் என்னவாம் என்று தாதி கேட்டார். பதில் கடிதத்தில் அதை நான் சேர்க்கவில்லை, ஆசை இருந்தும்.

ஆசிரியை அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் கொண்டுவந்தார். வாஷிங்டனில் 1807 இல் தொடங்கிய காங்கிரஷனல் சேமக்காலை 1990களில் பற்றை மூடிக் கிடந்தது. அயலில் நாய் வளர்த்தவர்கள்தான் காசு போட்டு, புல் வெட்டி, அதை மீட்டார்கள். இன்றும் அங்கே வருடச் சந்தா கட்டிய உறுப்பினரின் நாய்கள் வாரில்லாமல் ஓடும். உறுப்பினராகக் காத்திருப்போர் பட்டியலும் உண்டு. எங்கள் கவுன்சிலுக்கு அந்த மாதிரி ஒத்துவரவில்லை. ஆனாலும் 'நாயை விடு' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'என்ன நிபந்தனையோடு விடுவீர்கள்' என்று கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அப்போது எங்கள் திட்டம் எளிது. அடக்கம் நடக்கும் புதிய பகுதியில் வார் கட்டாயம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய பகுதியில் தேவையில்லை. கவுன்சில் கூட்டிய பொதுக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு இறங்கும்போது, சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்தார்.

'தம்பி, நீங்கள் தமிழ்தானே? உங்கட ஆக்களிட்ட ஒண்டு சொல்லுங்கோ. எனக்கு நாயிலை கோபமில்லை. இவருக்கு நான் வைக்கிற பூவிலை கிழமைக்குக் கிழமை வந்து காலைத் தூக்கினா நான் என்ன செய்யிறது?'

'எந்தப் பக்கம் அம்மா?'

'பழைய பக்கம்தான். பாதைக் கரையிலை.'

திட்டம் அந்த இடத்தில் முறிந்தது. புதைக்க நிலத் தட்டுப்பாடு வந்தபோது கவுன்சில் பழைய பகுதியின் பாதையோரங்களையும் வெட்டி விற்றிருந்தது. விக்டோரியா காலத்துக் கல்தேவதைகளுக்கு முன்னால் பத்து வயதுகூட ஆகாத கல்லறைகள். பழைய குடும்பக் குழிகளையும் உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர்கள் இடைக்கிடை திறக்கிறார்கள். ஆண்டை வைத்துக் கோடு கிழிக்க முடியாது.

சேமக்காலை மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அடக்கப் பதிவேட்டையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு எங்களோடு மழைக்குள் நடந்தார். கோட்டை இரண்டு முறை வரைந்து பார்த்தோம். அண்மைய கல்லறைகளை மட்டும் விலத்தி வரைந்தபோது அது புழுப்போல் நெளிந்தது. அப்படி ஓர் எல்லையை எந்த மனிதனும் நாயும் கண்டுபிடிக்காது. கடைசியில் கார் போகும் பிரதான பாதையையே எல்லையாக்கினோம். அதற்குத் தெற்கே முழுவதும் வார். வடக்கே, அண்மைய கல்லறை எதுவும் இல்லாத பற்றைப் பகுதியில் மட்டும் அவிழ்க்கலாம். என் கட்சிக்காரர்கள் வழக்கமாக நடந்த இடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த அம்மாவின் கணவர் தெற்கே வந்துவிட்டார்.

இதோடு, ஒருவர் நான்கு நாய்க்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பதையும் நாங்களே முன்வைத்தோம். அதே அளவான வரம்பை ரிச்மண்ட் கவுன்சில் விதித்து, எதிர்த்து வந்த வழக்கில் 2018 இல் உயர் நீதிமன்றம் அதை நிலைக்கவிட்டிருந்தது. ஊரின் கவலை தெரிவு செய்யப்பட்ட உள்ளூர் சபைக்கே நன்கு தெரியும் என்ற நோக்கில் எழுந்த தீர்ப்பு. எங்களுக்கு அது இரு பக்கமும் வெட்டியது. வரம்பை எழுதிக் கொடுத்த அன்றே வான்காரர் குழுவை விட்டுப் போனார். முழுத் தடை வந்தால் ஆறு கிழமைக்குள் வழக்கு என்று ஒரு பத்தியும் கடிதத்தில் வைத்தேன். தினம் அங்கே போய்வருபவர் என்ற தகுதியில் ஆசிரியை வழக்காளியாக நிற்கத் தயாராக இருந்தார்.

மேற்பார்வையாளர் இரண்டு திருத்தம் கேட்டார்: அன்னையர் ஞாயிறும் நத்தார் வாரமும் எல்லா இடத்திலும் வார், சவ ஊர்வலம் உள்ளே நிற்கும் நேரத்தில் வடக்கிலும் வார். உடனே ஒப்புக்கொண்டோம். கவுன்சில் அந்தப்படியே ஆணையை நிறைவேற்றியது.

2022 இல் நீட்டிப்புக்கு வந்தபோது, ஊரடங்கில் வாங்கிய நாய்களால் அந்தப் பகுதி நிறைந்திருந்தது. ஆனாலும் ஆணை மாற்றமில்லாமல் நீண்டது, என்னை யாரும் கூப்பிடவில்லை. கணக்காளர் மட்டும் பசுந்திடல் யோசனையை இன்னொரு சட்ட நிறுவனத்திடம் கொண்டுபோயிருந்தார். அதே பதில்தான் கிடைத்ததாம், கட்டணம் மட்டும் என்னுடையதைவிடக் கூட என்று அவரே தொலைபேசியில் சொன்னார்.