பிடித்ததைச் சொல்லப் பழகும் பாட்டிகள்... லிஸ்பனில் ஓர் ஆங்கில வகுப்பு!

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்கு வருகிறவர்கள் அல்ஃபாமாவைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். 28-ம் நம்பர் மஞ்சள் டிராமில் ஏறி 'போர்டாஸ் டோ சோல்' நிறுத்தத்தில் இறங்கினால், கீழே தேஜோ நதியை நோக்கிச் சரிந்து இறங்கும் சிவப்பு ஓட்டுக் கூரைகள்தான் அல்ஃபாமா. வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1755-ல் வந்த பூகம்பம் நகரத்தின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது, இந்தப் பேட்டை பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் இங்கே படிக்கட்டுகளே தெருக்களாக இருக்கின்றன. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஆடும் துணிகள் என்று பழைய முகம் மாறாமல் இருக்கிறது.

சில வீட்டு வாசல்களில் சின்ன மேசை போட்டு வயதான பெண்மணிகள் உட்கார்ந்திருப்பார்கள். மேசையில் ஒரு பாட்டில், பக்கத்தில் குட்டிக் குட்டிக் கப்புகள். 'ஜின்ஜா' என்ற புளிப்புச் செர்ரிப் பழ மதுதான் வியாபாரம். வருகிற சுற்றுலாப் பயணிகள் ஒரு கப் வாங்கிக் குடித்துவிட்டு, 'க்யூட்', 'பியூட்டிஃபுல்', 'டிபிக்கல்' என்று சொல்லிவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இந்த வார்த்தைகளைப் பாட்டிகள் நாள் முழுக்கக் கேட்கிறார்கள். தங்கள் வீட்டைப் பற்றி, தெருவைப் பற்றி, தங்களைப் பற்றி உலகமே ஆங்கிலத்தில் அபிப்பிராயம் சொல்கிறது. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்ற ஏக்கம்தான், அவர்களில் சிலரை மாலை நேர ஆங்கில வகுப்புக்கு அழைத்து வந்திருக்கிறது.

எட்டுப் பேர், ஒரு கரும்பலகை

பேட்டைச் சங்கத்தின் ஒரு சிறிய கூடத்தில்தான் வகுப்பு. பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் சம்பளம் வாங்காமல் நடத்துகிறார். லிஸ்பனில் தங்கியிருந்தபோது, தோழி ஒருத்தியின் தயவில் சில மாலைகள் கடைசி பெஞ்சில் உட்கார எனக்கு இடம் கிடைத்தது.

"போர்ச்சுகலில் எல்லோரும் நன்றாக ஆங்கிலம் பேசுவார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். இளைஞர்கள் பேசுவார்கள். இங்கே வெளிநாட்டுப் படங்களைப் பெரும்பாலும் டப்பிங் செய்வதில்லை. சப்டைட்டில்தான். அதனால் சிறு வயதிலிருந்தே காது ஆங்கிலத்துக்குப் பழகிவிடுகிறது. ஆனால், 1974-ல் முடிவுக்கு வந்த சர்வாதிகார ஆட்சியில் வளர்ந்தவர்கள் கதை வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மேலே படித்தவர்களுக்கும் பெரும்பாலும் பிரெஞ்சுதான் முதல் அந்நிய மொழி.

வகுப்பில் எட்டுப் பேர். ஆறு பாட்டிகள், இரண்டு தாத்தாக்கள். ஆசிரியை எல்லாப் பெண்களையும் பெயருக்கு முன்னால் 'டோனா' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார். நாம் மரியாதைக்கு 'அம்மா' சேர்ப்போமே, அது மாதிரி.

வெள்ளை வீடா, வீடு வெள்ளையா?

முதல் பாடம் பெரிய, சின்ன, பழைய, வெள்ளை போன்ற பெயரடைகள். நமக்கு இது சுலபம். 'வெள்ளை வீடு' என்பதை அப்படியே 'ஒயிட் ஹவுஸ்' ஆக்கிவிடலாம். போர்ச்சுகீசியத்தில் 'காசா பிராங்கா', அதாவது வீடு முதலில், வெள்ளை பின்னால். அதனால் பாட்டிகளின் வாயில் முதலில் வருவது 'ஹவுஸ் ஒயிட்'.

அதோடு முடியவில்லை. அவர்கள் மொழியில் பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, ஒன்றா பலவா என்பதற்கேற்ப பெயரடையும் மாறும். நன்றி சொல்வதில்கூட ஆண் 'ஒப்ரிகாடோ' என்பார், பெண் 'ஒப்ரிகாடா' என்பார். அந்தப் பழக்கத்தில் 'ஒயிட்ஸ் ஹவுசஸ்' என்று பன்மையை இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். "ஆங்கிலத்தில் பெயரடை சோம்பேறி. எது வந்தாலும் மாறாது" என்று ஆசிரியை சொன்னதும் கூடத்தில் நிம்மதிப் பெருமூச்சு.

ஒரு தாத்தா விடவில்லை. அவர்கள் மொழியில் சில பெயரடைகளை முன்னால் வைத்தால் ஓர் அர்த்தம், பின்னால் வைத்தால் வேறு அர்த்தம். 'வெல்யு அமிகு' என்றால் நெடுநாள் நண்பன். 'அமிகு வெல்யு' என்றால் வயதான நண்பன். "ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஓல்டு ஃப்ரெண்ட்'தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், பக்கத்திலிருந்த நண்பரின் தோளைத் தட்டி, "இவன் இரண்டுமே!" என்றார்.

உருவத்தில் ஒன்று, அர்த்தத்தில் வேறு என்று ஏமாற்றும் சொற்களும் உண்டு. போர்ச்சுகலில் 'கான்ஸ்டிபாடோ' என்றால் ஜலதோஷம் பிடித்தவர். அதையே ஆங்கிலச் சொல்லாக நினைத்து 'கான்ஸ்டிபேட்டட்' என்று வெளிநாட்டு மருந்துக் கடையில் சொன்னால் மலச்சிக்கலுக்கு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். இதை விளக்கியபோது வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

நடுவில் ஒரு சுவாரஸ்யம். ஆசிரியை ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்காட்டி முதலில் தங்கள் மொழியில் பெயர் சொல்வார். ஜனேலா, மேசா, சாவே... நம் ஜன்னல், மேசை, சாவி எல்லாம் இவர்களிடமிருந்து வந்தவை! 1554-ல் இதே லிஸ்பனில், தமிழைப் போர்ச்சுகீசியத்தோடு சேர்த்து ரோமன் எழுத்தில் தந்த ஒரு ஜெபப் பாடநூல் அச்சானது. அதையும் சொன்னேன். பாட்டிகளுக்கு நான் திடீரென்று தூரத்துச் சொந்தக்காரி ஆகிவிட்டேன்.

காபியா, டீயா?

அடுத்த பாடம் விருப்பு வெறுப்பு. நாம் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். அவர்கள் மொழியில் 'பிடிக்கும்' என்ற சொல்லுக்குப் பிறகு 'டி' என்று ஓர் ஒட்டு கட்டாயம் வர வேண்டும். அதையும் மொழிபெயர்த்து 'ஐ லைக் ஆஃப் காபி' என்கிறார்கள். ஆசிரியை அந்த 'ஆஃப்'பைக் கரும்பலகையில் எழுதி, எழுதி, அழிக்கிறார்.

பிறகு 'ஐ ப்ரிஃபர் காபி டு டீ'. இதற்கு அவர் சொன்ன உதாரணம் சரித்திரத்திலிருந்து. 1662-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்த இளவரசி கேத்தரின் போர்ச்சுகல்காரர். பம்பாயைச் சீதனமாகக் கொண்டுபோனவர் இவர்தான். ஆங்கில அரண்மனையில் டீ குடிப்பதை நாகரிகமாக்கியதில் இவருக்குப் பெரிய பங்கு. "வெள்ளைக்காரர்களுக்கு டீ பிடிக்க நம் பெண் காரணம். அவர்கள் மொழியில் நமக்குப் பிடித்ததைச் சொல்ல நமக்கு என்ன பயம்?" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு 'ஃபெய்ரா டா லாட்ரா'வுக்கு மாறியது. பக்கத்திலேயே, தேசிய நினைவாலயத்தின் அருகில், செவ்வாயும் சனியும் கூடும் பழம்பொருள் சந்தை அது. உடைந்த ஓடு, பழைய பூட்டு, பீங்கான் தட்டு எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். 'ஸ்மால் ஓல்டு ப்ளூ பிளேட்' என்று அளவு, வயது, நிறம் வரிசையில் சொல்ல வேண்டும். நம் 'சின்னப் பழைய நீலத் தட்டு' மாதிரியேதான். 'மோர் சீப்' என்ற பாட்டியை, 'சீப்பர்' என்று இன்னொரு பாட்டி திருத்தினார்.

பேத்தியின் பதில்

வாசலில் ஜின்ஜா விற்கும் ஒரு பாட்டியிடம், எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். வியாபாரத்துக்கு என்பார் என்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணம்தான். லிஸ்பன் ஜின்ஜா கடைகளில் 'கொம் எலாஸ், சேம் எலாஸ்' என்று கேட்பது வழக்கம். கப்பில் பழம் போடவா, வேண்டாமா என்று அர்த்தம். அதை 'வித் ஆர் வித்தவுட்?' என்று இப்போது அழகாகக் கேட்கிறார்.

ஆனால் முக்கியக் காரணம் ஆறு வயதுப் பேத்தி. மகள் குடும்பம் லண்டனில். குழந்தைக்குப் பாட்டி பேசுவது புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான். வீடியோ காலில் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைப்பதோடு சரி. நம் ஊரிலும் எத்தனை வீடுகளில் இதே கதை!

வகுப்பில் கற்றதை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறார். "டூ யூ ப்ரிஃபர் சாக்லேட் கேக் ஆர் மை அரோஸ் டோஸ்?" அரோஸ் டோஸ் என்பது பட்டைப்பொடி தூவிய பால் சோறு. கிட்டத்தட்ட நம் பாயசம். பேத்தி யோசிக்காமல் 'சாக்லேட் கேக்' என்றாளாம்.

"வருத்தமாக இல்லையா?" என்றேன்.

"எதற்கு வருத்தம்? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று இப்போதுதானே எனக்குத் தெரிந்தது" என்றார்.

அல்ஃபாமாவில் பல வீடுகள் சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகளாக மாறிவிட்டன. வாடகை ஏறியதால், தலைமுறை தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. மிச்சமிருப்பவர்களைப் படம் எடுக்கிறோம். அவர்களுக்கு இந்தத் தெரு பிடித்திருக்கிறதா, இந்தக் கூட்டம் பிடித்திருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

நீங்கள் லிஸ்பன் போனால் வழுக்காத செருப்பு அணிந்துகொள்ளுங்கள். கல் பாவிய படிகள் மழையில் வழுக்கும். டிராமில் கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள். மீன் பிடிக்கும் என்றால் ஜூன் 12-ம் தேதி இரவு, புனித அந்தோணியார் திருவிழாவுக்குப் போங்கள். தெருவெல்லாம் மத்தி மீன் சுடுவார்கள். வாசலில் பாட்டியைப் பார்த்தால், படம் எடுக்கும் முன் "டூ யூ லைக் லிவிங் ஹியர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வர ஒரு நிமிடம் ஆகலாம். அவசரப்படாமல் காத்திருங்கள்.