தண்ணி எங்கே போகுது?

போன வாரம் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தபோது மறுபடியும் அதே பேச்சு. "அப்பா, அந்த வண்டியை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு சின்னதா ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கிக்கலாம்பா. 27 வருஷம் ஆச்சு" என்றான். நான் வழக்கம்போலச் சிரித்து மழுப்பினேன். ஆனால் அவன் கிளம்பிப் போன பிறகு, அந்த வண்டியை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வண்டி மாருதி 800. வெள்ளை நிறம், 1998 மாடல். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர், நாலு கியர். மின்வாரியக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கடன் போட்டு வாங்கியது. இன்று காலை மீட்டரில் 2,43,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. திருச்சி வெயிலில் இன்றும் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. பார்க்கிறவர்கள் "நல்லா வச்சிருக்கீங்க சார்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் வரும். நான் வண்டியை நன்றாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய தப்பைச் செய்த பிறகுதான்.

2007 மே மாதம். அக்னி நட்சத்திரம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்பது எனக்கு மூன்று வாரமாகவே தெரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் பானெட்டைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவேன். வீட்டு போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர். 'ஊற்றினால் சரியாகப் போகிறது, வெயில் காலம், ஆவியாகிறது போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். பட்டறைக்குப் போக நேரமில்லை என்பது வெறும் சாக்கு. போனால் செலவு வைத்துவிடுவார்களே என்பதுதான் உண்மை.

அந்த மாதம் ஒரு நாள் காலை காரைக்குடியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. உடனே வாங்க."

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னைத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? வண்டியில் போனால் சீக்கிரம் போகலாம், ராத்திரி எந்நேரமானாலும் அலைவதற்கு வசதியாக இருக்கும் என்று நானும் என் மனைவியும் கிளம்பினோம். அவசரத்தில் அன்றைக்குத் தண்ணீர் பார்க்கவில்லை.

கீரனூர் தாண்டி, புதுக்கோட்டை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. திருமயம் நெருங்கும்போதுதான் முள் நடுவிலிருந்து மேலே ஏறியிருப்பதைப் பார்த்தேன். கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. காரைக்குடிக்கு இன்னும் இருபது சொச்சம் கிலோமீட்டர். 'எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று மிதித்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்றைக்கும் எனக்கு மன்னிப்பு இல்லை. இன்ஜின் இழுக்க மறுத்து, பானெட் ஓரமெல்லாம் ஆவி வந்து, வண்டி நின்றது.

நின்ற பிறகு அடுத்த தப்பு. பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, கொதிக்கிற இன்ஜினில் அப்படியே ஊற்றினேன். மூடியைத் திருகும்போதே கையில் சுட்டுக்கொண்டது தனிக் கதை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அக்கா மூன்றேகாலுக்குப் போய்விட்டிருந்தாள். "இவ்வளவு நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா மாப்ளே" என்றார் அத்தான்.

காரியமெல்லாம் முடிந்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து பாய் பட்டறையில் விட்டேன். பாய் என்றால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த மெக்கானிக். அவர் ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. ஹெட் கேஸ்கட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டிருந்தன. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து போயிருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து, புது கேஸ்கட் போட்டு, ரேடியேட்டரைப் பிரித்து உப்பு அடைப்பை எடுத்து என்று 9,400 ரூபாய் ஆயிற்று.

இதற்கெல்லாம் காரணம் என்ன தெரியுமா? வாட்டர் பம்பின் சீல். அதிலிருந்து சொட்டிய தண்ணீர், சூடான இன்ஜின் மேலேயே காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

"எத்தனை நாளா சார் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார் பாய்.

"மூணு வாரம் இருக்கும்."

அவர் திட்டவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊத்துறது வேலை இல்ல சார். அது எங்கே போகுதுன்னு பாக்குறதுதான் வேலை."

ஆபீசில் ஒரு ரூபாய் இடித்தாலும், எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகாதவன் நான். என் வண்டியில் தினமும் கணக்கு இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை எழுதுகிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன ஊற்றினேன், எவ்வளவு, என்ன மாற்றினேன், எத்தனை ரூபாய். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. வண்டி ஓடுவதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் என்னிடம் கிடையாது. பழைய வண்டி வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு உபயோகப்படுமே என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறப்பேன். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து ஆயில் அளவு பார்ப்பேன். கூலன்ட் பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா, பிரேக் ஆயில் இறங்கியிருக்கிறதா, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். ரொம்பவும் கொழகொழவென்று இருந்தாலும், கல் மாதிரி இறுகியிருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

மாதம் ஒருமுறை ராத்திரி வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைப்பேன். காலையில் அது செய்தி சொல்லும். கறுப்புச் சொட்டு என்றால் இன்ஜின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தித்திப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். ஏசி போட்டு ஓட்டி வந்த பிறகு சொட்டுகிற சுத்தமான தண்ணீர் ஒன்றும் செய்யாது. சக்கரத்துப் பக்கம் பிசுபிசுப்பாக நிறமில்லாமல் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும்.

ஆயில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன், கூடவே ஃபில்டரும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் கூடவே கூடாது. கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கிவிட்டுப் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் அதற்கும் இரண்டு வருஷக் கெடு. டைமிங் பெல்ட்டை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அது அறுந்தால் எந்த இடம் என்று பார்க்காது, வண்டி அங்கேயே நின்றுவிடும்.

நம் ஊரில் சில பட்டறைகளில் வண்டி சூடாகிறது என்றால் முதல் காரியமாகத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவார்கள். என் வண்டியிலும் யாரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். பாய்தான் புதிது வாங்கிப் போட்டார். அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்குரிய சூட்டுக்கு வருவதற்கே நேரமாகும். பெட்ரோலும் கூடக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

டயரைப் பலர் கட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். என்னைப்போல் குறைவாக ஓட்டுகிறவர்களுக்குக் கட்டை தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஆறேழு வருஷம் ஆகிவிட்டால் நான் மாற்றிவிடுகிறேன்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. நம் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்தவை அல்ல. அதனால் பாய் சொன்னபடி பெட்ரோல் ஹோஸ்களையும் கார்புரேட்டரின் ரப்பர்களையும் புதிதாக மாற்றிவிட்டேன். பெட்ரோல் வாடை லேசாக அடித்தாலும் எங்கிருந்து என்று பார்க்காமல் விடுவதில்லை. வாரம் ஒருமுறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டிவிடுவேன். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும்.

ஒருவேளை முள் ஏறிவிட்டால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். உடனே ஓரங்கட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அதற்குப் பிறகும் கனமான துணியைப் போட்டு, மூடியை மெதுவாகத் திருகுங்கள். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அவசரமான பயணம் என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

15 வருஷம் முடிந்ததும் 2013இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். பிறகு 2018இல், அடுத்து 2023இல். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. கடைசியாகப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர், என் மகன் வயதுதான் இருக்கும், பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "யார் சார் பாக்குறாங்க?" என்று கேட்டார். "நானும் ஒரு பாயும்" என்றேன்.

வருஷா வருஷம் அக்கா திதிக்கு இதே வண்டியில்தான் காரைக்குடி போகிறேன். திருமயத்தில் அதே டீக்கடை பக்கத்தில் நிறுத்தி ஒரு டீ குடிப்போம். முள் நடுவில்தான் இருக்கும். இருந்தாலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவேன்.

இந்த வருஷமும் போனோம். அக்கா வீட்டு மாடிப்படி ஏறியபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நின்றேன். "என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, வெயில்" என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் புதுக்கோட்டை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "ரெண்டு மாசமா இதையே சொல்றீங்க. நம்ம வீட்டு மாடிக்குக்கூட ரெண்டு தரம் நின்னு ஏறுறீங்க. அண்ணியும் இதேதான் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? 'ஒண்ணுமில்ல, வெயில்'னு. பாய் சொன்னது வண்டிக்கு மட்டும்தானா?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஓட்டினேன். அக்கா அப்படிச் சொன்னது உண்மைதான். அந்த வருஷப் பொங்கலிலிருந்தே மூச்சு வாங்குகிறது என்றாள். நாங்களும் மோர் குடி, ஓய்வெடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு சின்னக் கோளாறு. நல்லவேளை, மாத்திரையில் சமாளிக்கலாம், இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். பகலில், பக்கத்து ஊர்களுக்கு, தலைசுற்றல் இல்லாதவரை ஓட்டலாம் என்றிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். அவர் எப்போது வேண்டாம் என்கிறாரோ அன்றைக்குச் சாவியை மகனிடம் கொடுத்துவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நோட்டும் சேர்த்துத்தான்.

இப்போதைக்கு நாலாவது நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக ஒரு புதுக் கணக்கு ஓடுகிறது. தேதி, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, எத்தனை படி ஏறியதும் நின்றேன் என்று. மனைவி வாரம் ஒருமுறை அதைச் சரிபார்த்து டிக் அடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை முடித்தாக வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு.