ஊயெனோவில் ஒரு மைசூர் யானை

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் தைக்கப்படும் பனியன்கள் கடல் கடந்து செல்கின்றன. அவற்றைத் தைப்பவர்களின் குழந்தைகளில் பலர் ஈரோட்டைத் தாண்டியதில்லை. சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் புறப்படும் லாரிகளைப் பார்த்து, "எங்களை எப்போது சார் கூட்டிப் போவீர்கள்?" என்று என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சென்ற கோடை விடுமுறையில், உறவினர் ஒருவரின் தயவால் நான் மட்டும் ஜப்பான் சென்றுவர வாய்த்தது. டோக்கியோவின் ரயில்களையும் மாடமாளிகைகளையும் வர்ணிக்கப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது ஊயெனோ மிருகக்காட்சிசாலையைப் பற்றித்தான்.

1882ஆம் வருஷம் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே 1943இல் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் மிருகங்கள் நகருக்குள் புகுந்துவிடும் என்று, ஆபத்தானவற்றையெல்லாம் கொன்றுவிட உத்தரவு பிறந்தது. ஜான், டோங்கி, வான்லி என்று மூன்று யானைகள் இருந்தன. விஷம் வைத்த உருளைக்கிழங்கை அவை தின்ன மறுத்தன. ஆகவே பட்டினி போட்டார்கள். ஆகாரம் கிடைக்குமென்று நம்பி, பழக்கிய வித்தைகளையெல்லாம் அந்த வாயில்லாப் பிராணிகள் செய்து காட்டினவாம்! மாண்ட மிருகங்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவருக்குப் பேச்சு எழுவதில்லை.

யுத்தம் முடிந்தபோது நகோயா நகரத்தில் இரண்டு யானைகள் எஞ்சியிருந்தன. 1949இல் அவற்றைக் காண்பதற்கென்றே குழந்தைகளுக்கு விசேஷ ரயில்கள் விடப்பட்டன. டோக்கியோவின் தைதோ வட்டாரச் சிறுவர் சிறுமியர் அவற்றில் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள். இணைபிரியாத அந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. பிறகு அவர்கள் செய்த காரியம்தான் அபாரம்: தங்களுக்கு ஒரு யானை வேண்டுமென்று பண்டித நேருவுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அவை ஓர் இந்திய வியாபாரியின் மூலம் பிரதம மந்திரியின் கைக்கு வந்து சேர்ந்தன.

அப்போது நம் தேசம் சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள். இங்கே ரேஷன் காலம். அவர் நினைத்திருந்தால் ஓர் அனுதாபக் கடிதத்தோடு விஷயத்தை முடித்திருக்கலாம். மைசூரிலிருந்து ஒரு பெண் யானையை, தம் மகளின் பெயரையே சூட்டி அனுப்பினார். இது தாம் தரும் பரிசு அல்ல, இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்குத் தருவது என்றும் எழுதினார். 1949 செப்டம்பர் 25ஆம் தேதி இந்திரா ஊயெனோ வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. இந்திராவுக்குத் தெரிந்த மொழி கன்னடம். உடன்வந்த மாவுத்தர்களிடம் ஜப்பானியக் காவலர்கள் கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். என் வகுப்பில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் மாதத்தில் அவர்கள் வாய் திறப்பதேயில்லை. "தமிழ் கற்றுக்கொள்" என்கிறோம், அது நியாயமே. ஆனால் தண்ணீருக்கு ஒடியாவில் 'பாணி' என்று தெரிந்துகொண்டு நான் அந்தச் சொல்லைச் சொன்ன அன்றுதான், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி முதல்முறையாகச் சிரித்தாள்.

மற்ற ஊர்க் குழந்தைகளும் விட்டுவைப்பார்களா? 1950இல் இந்திராவே ரயிலேறி வட ஜப்பானின் பல நகரங்களுக்கு விஜயம் செய்தது. 1957இல் நேரு தம் மகளுடன் டோக்கியோ சென்றபோது, இருவரும் ஊயெனோவுக்குப் போய் அதைப் பார்த்தார்கள். 1983 வரை அந்த யானை அங்கேயே வாழ்ந்தது.