ஒரு காதில் அடுத்த பாட்டு

அக்காவின் மகன் கிளப்பில் பாட்டுப் போடக் கிளம்பும்போது கையில் இருப்பது ஒரு ஹெட்போன், இரண்டு யூஎஸ்பி. இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். முதலாவது மக்கர் பண்ணினால் என்றான்.

தொண்ணூறுகளின் கடைசியில் லண்டனில் ஒரு டிஜேக்குப் பெட்டி தூக்கியவன் நான். ஒரு பெட்டியில் எழுபது, எண்பது இசைத்தட்டு. இருபது கிலோவுக்குக் கிட்ட வரும். கிளப்புகள் ஏனோ எப்போதும் நிலவறையிலேயே இருந்தன. ஒருநாள் மழையில் ஒரு பெட்டி டாக்சியோடு போய்விட்டது. மிச்சப் பெட்டியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஐந்து மணிநேரம் ஓட்டினார். யாரும் சீண்டாத பின்பக்கப் பாட்டுகளெல்லாம் அன்று வெளியே வந்தன. அவர் போட்டதில் சிறந்த இரவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

ஆள் வராத முன்னிரவில் என்னைப் பழகவிடுவார். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்மேசை, 1979இல் வந்த இரண்டாம் மாதிரி. வலப்பக்கம் பிட்ச் ஸ்லைடர். வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டு 129 வரை ஓடும், பாடுகிறவளின் குரலும் சேர்ந்து கீச்சிடும். ஒரு காதில் ஹெட்போன், அதில் அடுத்த பாட்டு. மற்றக் காது கூடத்துக்கு. இரண்டு அடியும் ஒன்றாய் விழவேண்டும். விலகினால் குதிரை ஓடுவதுபோல் தடதடக்கும். ஆடுகிறவர்களின் கால் அதை என் காதுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். எனக்குப் பிடிபட எட்டு மாதம் ஆயிற்று.

1970 வாக்கில் நியூயார்க்கின் சாங்சுவரி கிளப்பில் பிரான்சிஸ் கிராசோ இதைச் செய்தபோது பாடு இன்னும் அதிகம். கீழே மேசை சுழல, தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, சரியான அடியில் விடுவார். அன்றைய பாட்டுகளில் டிரம் அடித்தவர்கள் மனிதர்கள். உற்சாகம் வந்தால் வேகமும் கூடும். எண்பதுகளில் டிரம் மெஷின் வந்து தாளம் ஆடாமல் நின்ற பிறகு பாதிச் சிரமம் போயிற்று. அதை ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. அதில்தானே நாங்கள் பழகினோம்!

2001இல் பயனியரின் சிடிஜே-1000, சிடியையும் இசைத்தட்டுப்போல் கையால் தள்ளி இழுக்க விட்டது. 2009இல் வந்த சிடிஜே-2000 யூஎஸ்பியை ஏற்றது. 2012இன் நெக்சஸ் மாதிரியில், இரண்டு பாட்டின் அடியையும் தானே ஒன்றாக்கும் சிங்க் பொத்தான்.

"இதை அமத்தினாக் காணும், மாமா" என்றான் மருமகன். என் எட்டு மாதமும் ஒரு விரல்நுனியில் முடிந்தது. திரையில் இரண்டு நிற அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நகர்ந்தன. காதின் வேலை கண்ணுக்குப் போய்விட்டது என்று முணுமுணுத்தேன். கூடத்தைப் பார்க்கவேண்டிய கண் திரையில் கிடக்கிறதே என்ற எரிச்சல் எனக்கு.

முழு நியாயம் என் பக்கம் இல்லை. சிறு விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்து, பள்ளங்களின் மினுக்கம் மாறுவதை வைத்துப் பாட்டு எங்கே அடங்குகிறது என்று நாங்களும் பார்த்தவர்களே. எழுபதுகளில் பிராங்க்சில் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு, கடிகாரமுள் பார்ப்பதுபோல் இடம் பார்த்தார். ஆனால் அது ஒரு கணப் பார்வை, உடனே தலை நிமிர்ந்துவிடும். இவனோ பொத்தான் மிச்சம்பிடித்த நேரத்தில் மூன்று பாட்டை ஒன்றாக ஓட்டுகிறான். எனக்குத் தோன்றியே இராத வேலை.

சிங்க்கை அணைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி ஒரு காதில் வைத்தேன். திரைமேல் துவாயைப் போட்டேன். இருபது வருடத் துரு. தடதடவென்று குதிரை ஓடியது.

"ஆரடா கதவைத் தட்டுறது?" என்றாள் அக்கா குசினியிலிருந்து.